வெங்காய வேரும் கார்த்திகைக் கிழங்கும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பாதையிலே காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று சில ஊர்கள் அமைந்துள்ளன. மரத்தின் பெயரும் நீர்நிலையின் பெயரும் கூடி ஊர்ப்பெயராகிய இடங்கள் இவை. ஒரு புறம் கடல். மறு புறம் களப்பு. இடையிலே மணற்பாங்கான நிலம். இந்நிலத்திலே வளரும் செடிகொடிகளுள் எவை நஞ்சுடையன என்பது அங்குள்ள சிறுவர்க்கும் தெரியும். களப்போரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டாற் பார்வை கெடும். ஊமத்தங்காய் அறிவை மயக்கும். மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் விரலைப் பொசுக்கிவிடும். மாரி தொடங்கியதும் பற்றைகளின் மீது படர்ந்து தீச்சுடர் போல் மலரும் கார்த்திகைச் செடியின் கிழங்கோ உயிரையே குடிக்க வல்லது.

ஆனால், ஒரு செடியின் நஞ்சு மற்றொரு செடியை என்ன செய்யும் என்ற வினாவை எவரும் எளிதில் எழுப்புவதில்லை. சவுக்க மரத்தின் கீழே பிற செடிகள் செழிப்பதில்லை என்று கண்டவர் பலர். அது நிழலின் வேலை என்றோ, நீர்க்குறைவின் விளைவு என்றோ கூறி அவர்கள் அமைந்துவிடுவர். நிழலுக்கும் நீருக்கும் அதிற் பங்குண்டு என்பதும் உண்மையே. எனினும், உதிர்ந்த இலையிலிருந்தும் வேரிலிருந்தும் கசியும் சில பொருள்கள் அண்டையிலுள்ள தாவரங்களின் வளர்ச்சியைத் தாக்குகின்றன என்பதையும் ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். இதற்கெனத் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டி, 1937ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார் ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் கான்ஸ் மொலிஷ்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இலங்கையில் இரசாயன உரங்களினதும் பூச்சிகொல்லிகளினதும் இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்த்தப்பட்டதாயினும், இடைப்பட்ட மாதங்களில் விவசாயிகள் வேப்பங்கொட்டைச் சாற்றையும் புகையிலைக் கசாயத்தையும் பல்வகை இலைகளை ஊறவைத்துப் புளிக்கச்செய்த நீரையும் நாடவேண்டியவராயினர். இவற்றுட் சில பழைமையானவை, பயனுள்ளவை. ஆயின், செடியிலிருந்து வந்தது செடிக்குக் கேடு செய்யாது என்றொரு நம்பிக்கையும் அவற்றோடு சேர்ந்தே பரவியது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படை யாதுமில்லை. புகையிலையின் நிக்கொட்டீன் தோல் வழியாகவே மனிதனின் உடலுட் புகும் கொடிய நஞ்சு. அது இலையிற் பிறந்தது என்பதனால் அதன் கொடுமை அணுவளவும் குறைவதில்லை.

ஒரு சாறு செடிக்குத் தீங்கானதா என்று வினவுமிடத்து, அங்கே இரு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. அது வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றதா என்பது ஒன்று. வளர்ச்சியைத் தடுக்காமலே, கலத்தின் கருவினுள்ளே பரம்பரை இயல்புகளைத் தாங்கி நிற்கும் நிறமூர்த்தங்களைச் சிதைக்கின்றதா என்பது மற்றையது. முன்னையதைக் கண்ணாற் காணலாம். பின்னையது கண்ணுக்குத் தோன்றாது. இவ்விரண்டையும் ஒருசேரச் சோதிக்க உதவும் கருவி யாதெனில், எந்த வீட்டு அடுக்களையிலும் இருக்கும் வெங்காயமே.

வெங்காயத்துக்கு இந்தச் சிறப்பு எங்ஙனம் வாய்த்தது? அதன் கலங்களில் 16 நிறமூர்த்தங்களே உள்ளன. தொகை சிறிது, உருவமோ பெரிது. ஒரு வெங்காயக் கலத்திலுள்ள பரம்பரைப் பொருளின் அளவு மனிதக் கலத்திலுள்ளதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்காகும். அவ்வளவும் எட்டுச் சோடி நிறமூர்த்தங்களுள் அடங்கியிருப்பதால், பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலுள்ள நுணுக்குக்காட்டியிலேயே அவை தடித்த நூல்கள் போலத் தெளிவாகத் தோன்றும். அஃதன்றி, வெங்காயத்தின் அடித்தட்டை நீரிற் படும்படி வைத்தால் ஓரிரு நாளிலே வெண்ணிற வேர்கள் ஒரே அளவாக வெளிப்படும். வேர்நுனியிலுள்ள பிரியிழையத்திலே கலங்கள் இடையறாது பிரிந்துகொண்டிருக்கும். பிரியும் கலமே நஞ்சுக்கு எளிதில் இலக்காகும் கலம்.

இச்சோதனையின் வரலாறு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரிலே தொடங்குகின்றது. 1938ஆம் ஆண்டில் அல்பேட் லெவன் என்ற மரபியலறிஞர் வெங்காய வேர்களைக் கொல்கிசின் என்னும் பொருளின் கரைசலில் இட்டு, கலப்பிரிவு என்னவாகின்றது என்று ஆராய்ந்து வெளியிட்டார். கொல்கிசின் செடியிலிருந்து பெறப்படும் ஓர் அற்கலோயிட்டு. கொய்னாவைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற பிரெஞ்சு இரசாயனர் பெல்லற்றியர், கவந்து ஆகிய இருவரும் 1820இல் ஐரோப்பாவிலே இலையுதிர்காலத்திற் பூக்கும் கொல்கிக்கம் என்ற செடியிலிருந்து அதனைப் பெற்றனர். 1915ஆம் ஆண்டிலே அப்பொருள் மற்றொரு செடியின் கிழங்கிலும் உண்டெனக் காட்டப்பட்டது. அச்செடி வேறன்று, மாங்கேணிப் பற்றைகளில் மலரும் அதே கார்த்திகைதான். சிங்கள மக்கள் நியங்கலா என்று வழங்குவதும், தமிழ்நாட்டார் கண்வலிக்கிழங்கு என்று வயல்களிற் பயிரிட்டு விதைகளை மருந்துக்காக ஏற்றுமதி செய்வதும், சங்கப் புலவர்கள் காந்தள் என்று மகளிர் விரலுக்கு உவமை கூறியதும் இதனையே. சோதனை பிறந்தது வடதுருவத்தை அடுத்த குளிர்நாட்டிலாயினும், அதற்கு முதல் நஞ்சாக நின்ற பொருள் நம் நாட்டு மணலிலும் விளைவதே.

லெவன் கண்டது யாது? வழக்கமாகக் கலம் பிரியும்போது நிறமூர்த்தங்கள் இரட்டித்துக் கலத்தின் நடுவே வரிசையாக நிற்கும். கதிர் எனப்படும் மெல்லிய நார்த்தொகுதி அவற்றை இரு கூறாகப் பிரித்து எதிரெதிர் முனைகளுக்கு இழுத்துச் செல்லும். இடையிலே சுவர் எழும்பி ஒரு கலம் இரண்டாகும். கொல்கிசின் ஊட்டப்பட்ட வேரிலே இந்தக் கதிர் தோன்றவில்லை. நிறமூர்த்தங்கள் தடித்துக் குறுகி, செல்லும் திசை அறியாது கலமெங்கும் சிதறிக் கிடந்தன. பின்னர் அவை அனைத்தும் ஒரே கருவினுள் அடங்க, 16 நிறமூர்த்தங்கள் இருந்த கலத்தில் 32 அமைந்தன. வேறெங்கும் காணாத இப்பிரிவுக்கு லெவன் தனிப்பெயர் ஒன்றும் இட்டார். வெளித்தோற்றத்திலும் அவ்வேர்கள் மாறின. நீள்வதை விடுத்து, நுனி உருண்டு பருத்துச் சிறு குமிழ் போலாயின.

கதிர் ஏன் தோன்றவில்லை என்பதற்கு விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. கதிரின் நார்கள் நுண்குழாய்களால் ஆனவை; நுண்குழாய்கள் தியூபுலின் என்ற புரதத்தின் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உருவாகுபவை. 1967ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவில் பொரிசி, டெயிலர் என்போர், கொல்கிசின் சென்று பற்றுவது இப்புரதத்தையே என்று காட்டினர். செங்கல்லிலே பிசின் ஒட்டிவிட்டாற் சுவர் எழும்பாததுபோல, கொல்கிசின் பற்றிய துணுக்கு அடுக்கில் நில்லாது, கதிரும் எழும்பாது.

கேடு செய்யும் இதே ஆற்றலை மனிதன் தனக்கு ஆக்கமாகவும் பயன்படுத்திக்கொண்டான். 1937இல் அமெரிக்க அறிஞர் பிளேக்சிலியும் அவருடைய துணைவரும் ஊமத்தை முதலிய செடிகளிற் கொல்கிசினைப் பயன்படுத்தி நிறமூர்த்தத் தொகையை இரட்டிப்பாக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறையைக் கையாண்டே யப்பானிய அறிஞர் கிகாரா விதையில்லாத வத்தகப்பழத்தை உருவாக்கினார். வத்தகையின் 22 நிறமூர்த்தங்களை 44 ஆக்கி, அச்செடியைச் சாதாரண வத்தகையுடன் கலக்கச் செய்தால், பிறக்கும் செடியில் 33 அமையும். ஒற்றைப்படையான அத்தொகை சோடி சேர இயலாமையால் விதை பிடிப்பதில்லை. மட்டக்களப்புச் சந்தையில் வத்தகப்பழத்தின் விதைகளைத் துப்பிக்கொண்டு உண்போர் இதனை ஒரு வசதி என்று கருதலாம். விதையை எடுத்து வைத்து மறுபோகம் நடும் விவசாயி அவ்வாறு கருதமாட்டான்.

லெவனின் ஆய்வுகூடத்திலே மற்றுமொரு பெரும் பயன் விளைந்தது. மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளன என்று அறிஞர் உலகம் முப்பது ஆண்டுக்கு மேலாக நம்பியிருந்தது. 1955ஆம் ஆண்டு டிசெம்பரில், லெவனோடு பணியாற்றிய ஜோ ஹின் ஜியோ கொல்கிசினின் துணைகொண்டு கலப்பிரிவை இடையில் நிறுத்தி எண்ணியபோது 46 மாத்திரமே இருக்கக் கண்டார். அடுத்த ஆண்டு இருவரும் அதனை வெளியிட்டனர். வெங்காய வேரிற் பழகிய கைகளே மனிதனின் கணக்கையும் திருத்தின.

இனி, சோதனை நடைபெறும் முறையைக் காண்போம். 1985ஆம் ஆண்டில் அதே லுண்ட் நகரைச் சேர்ந்த கெய்ரிட் பிஸ்கெசோ என்ற பெண் அறிஞர், நீரிலும் சூழலிலும் உள்ள நச்சுப்பொருள்களை அளப்பதற்குரிய பொது முறையாக இதனை வகுத்து வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும், சிறப்பாகப் பெரும்பணம் செலவிட இயலாத ஆய்வுகூடங்களிலே, இம்முறை வழக்கத்துக்கு வந்தது.

முதலில் ஒரே அளவான வெங்காயங்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். கடையில் வாங்கும் பம்பாய் வெங்காயம் முளையாதிருத்தற்பொருட்டு மருந்தூட்டப்பட்டிருக்கக் கூடுமாதலால் அது எப்போதும் ஏற்றதன்று. தோட்டத்திலிருந்து வந்த சிவப்பு வெங்காயம் நன்று. காய்ந்த தோலை நீக்கி, அடித்தட்டிலுள்ள பழைய வேர்களைச் சுரண்டி, புதுவேர் அரும்பும் வளையத்துக்கு ஊறு நேராமற் காக்கவேண்டும். பின்னர் ஒவ்வொன்றையும் ஒரு சோதனைக்குழாயின் வாயிலே அடித்தட்டு மாத்திரம் நீரைத் தொடும்படி அமர்த்துவர். ஒரு வரிசைக் குழாய்களிலே தூய நீர். ஏனைய வரிசைகளிலே சோதிக்கவேண்டிய சாறு, முழுவலிமையோடும், பாதியாகவும், காலாகவும், பத்திலொன்றாகவும், நூறிலொன்றாகவும் நீர்கலந்து இடப்படும். ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்துக்குக் குறையாத வெங்காயங்கள் வேண்டும். ஒரு வெங்காயம் தன்னியல்பிலேயே சோம்பிக் கிடக்கலாம். நாள்தோறும் கரைசலை மாற்றவேண்டும்.

இங்கே தூய நீர் வரிசை ஒரு சம்பிரதாயத்துக்காக வைக்கப்படுவதன்று. சுவீடனில் இச்சோதனை ஏறத்தாழ 20 பாகை வெப்பநிலையிலே செய்யப்படுவது. மாங்கேணியின் சித்திரை மாத வெயிலில் வேர்கள் அங்குப் போல் வளரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. ஆகவே வேற்று நாட்டு அட்டவணையோடு ஒப்பிடாமல், அதே அறையில், அதே நாளில் நீரில் வளர்ந்த வேரோடுதான் ஒப்பிடவேண்டும். மற்றொரு சிக்கலும் உண்டு. புளித்த இலைச்சாறு அமிலத்தன்மை மிக்கது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஒட்சிசனையும் உறிஞ்சிவிடும். வேர் வாடியது இலையின் நஞ்சினாலோ, புளிப்பினாலோ, மூச்சுமுட்டியதனாலோ என்று பிரித்தறியாமல் முடிவு கூறுபவன் சோதித்தவனாகான்.

இரண்டு நாள் சென்றபின் சில வேர்களின் நுனியை வெட்டி நுணுக்குக்காட்டிக்கென எடுத்துக்கொள்வர். மூன்று அல்லது நான்கு நாள் ஆனதும் எஞ்சிய வேர்களின் நீளத்தை அளப்பர். நீரில் வேர்கள் சராசரி 40 மில்லிமீற்றர் வளர்ந்தன எனக் கொள்வோம். எந்த வலிமையுள்ள சாற்றிலே அது 20 மில்லிமீற்றராகக் குறைகின்றதோ, அந்த வலிமையே அச்சாற்றின் நச்சுத்தன்மைக்கு அளவுகோல். குறைந்த வலிமையிலேயே பாதியாக்கும் சாறு கொடியது. முழுவலிமையிலும் பாதியாக்க இயலாதது எளியது. வேரின் தோற்றமும் பேசும். தூண்டில் முள் போல வளைந்த வேர், பழுப்பேறிய நுனி, குமிழாகப் பருத்த நுனி ஆகிய ஒவ்வொன்றும் குறித்துக்கொள்ளத்தக்கது.

வெட்டிய நுனிகளை, மூன்று பங்கு எதைல் மதுசாரமும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் கலந்த திரவத்தில் இட்டால், கலங்கள் அந்தந்த அவத்தையில் அப்படியே நிலைத்துவிடும். பின்பு இளஞ்சூடான ஐதரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசற்றோகாமைன் போன்ற சாயமூட்டி, கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து மூடித்தகட்டால் அழுத்தினால், கலங்கள் ஒரே படையாகப் பரவும். இனி எண்ணுவதுதான் வேலை. ஆயிரம் கலங்களை எண்ணி, அவற்றுள் எத்தனை கலங்கள் பிரிவிலே ஈடுபட்டிருக்கின்றன என்று கணக்கிடவேண்டும். நீரில் வளர்ந்த வேரைக் காட்டிலும் அத்தொகை குறைந்திருப்பின் சாறு பிரிவைத் தடுக்கின்றது என்பது பொருள். அதன்பின் பிரியும் கலங்களைத் தனித்தனியே நோக்குவர். இரு முனைகளுக்கும் சென்றுவிட்ட நிறமூர்த்தங்களுக்கிடையே பாலம் போல் ஓர் இழை தொங்குமாயின், நிறமூர்த்தங்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டன என்று அறியலாம். துண்டாகக் கிடப்பவை உடைந்தவை. பின்தங்கி நடுவே நிற்பவை கதிரின் கோளாற்றைக் காட்டும். பிரிவு முடிந்த கலத்திலே பெரிய கருவின் அருகே சிறுபுள்ளியாக ஒரு நுண்கரு இருக்குமாயின், முந்திய பிரிவிலே ஏதோ ஒரு துண்டு வழிதவறி வெளியே நின்றுவிட்டது என்பதற்கு அதுவே சான்று. உடைக்கும் நஞ்சு வேறு, கதிரைக் கெடுக்கும் நஞ்சு வேறு. கொல்கிசின் இரண்டாம் வகையினது. பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்பட்டு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்கிறிஸ்ரின் என்பதும் அவ்வகையினதே.

வேரிற் காணும் கேடு மனிதனுக்கு எதைச் சொல்லும்? இதற்கு இலங்கையிலேயே துயரமானதொரு சான்று உண்டு. கார்த்திகைக் கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டவர்களும், வாழ்வை வெறுத்து உண்டவர்களும் நம் மருத்துவமனைகளுக்குப் புதியவரல்லர். 1966ஆம் ஆண்டில் கூனரத்ன என்ற இலங்கை மருத்துவர், இந்நஞ்சுண்டவர் ஒருவருக்கு மயிர் பேரளவில் உதிர்ந்ததைப் பிரித்தானிய மருத்துவ இதழிலே பதிவு செய்தார். வெங்காய வேரை அறிந்தவர்க்கு இதன் காரணம் புலப்படும். மனித உடலிலே விரைந்து பிரியும் கலங்கள் குடலின் உட்படையிலும் எலும்பு மச்சையிலும் மயிரின் வேரிலும் உள்ளன. கொல்கிசின் உண்டவர்க்கு முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும், பின்னர் குருதியணுக்களின் வீழ்ச்சியும், பிழைத்தெழுந்தவர்க்குச் சில நாள் கழித்து மயிருதிர்வும் நேர்வது அதனாலேயே.

எனினும் இவ்வொப்புமையை மிகையாக நீட்டுதல் ஆபத்தானது. விலங்குகளின் தியூபுலினைக் கொல்கிசின் மிகச் சிறிய அளவிலேயே இறுகப் பற்றும். தாவரங்களின் தியூபுலினோ அதற்கு எளிதில் இடங்கொடாது; வேரிலே கதிரைக் கெடுக்கப் பன்மடங்கு வலிமையான கரைசல் வேண்டும். ஆகவே ஐதான கார்த்திகைச் சாற்றிலே வெங்காயம் செழித்து வேர்விட்டது என்று கண்டு, அது குடித்தற்கு உகந்தது என எவரேனும் முடிவு செய்தால், அம்முடிவு அவரைக் கொன்றுவிடும். நஞ்சைச் சுரக்கும் செடியோ தன் நஞ்சுக்கு அசைவதேயில்லை. கொல்கிக்கச் செடியின் வேரைக் கொல்கிசினில் இட்டுப் பார்த்த லெவன் இதனை 1940இலேயே குறிப்பிட்டுள்ளார்.

மறுபுறத்தே, வெங்காயம் எதிர்பாராத கூர்மை காட்டிய இடமும் உண்டு. சிங்களத்தில் மடு எனப்படும் சைக்கஸ் மரத்தின் விதையை உலர்வலயக் கிராமத்தவர் நெடுநேரம் நீரில் ஊறவைத்து நஞ்சகற்றி மாவாக்கி உண்பது வழக்கம். அவ்விதையிலுள்ள சைக்கசின் என்ற பொருள் தன்னளவில் அடங்கிக் கிடப்பது. நொதியம் ஒன்று அதிலுள்ள வெல்லத்தைக் கழற்றிவிட்டாற்றான் அது நிறமூர்த்தத்தைத் தாக்கும். மனிதக் குடலிலே அவ்வேலையைச் செய்பவை அங்குள்ள நுண்ணுயிர்கள். வெங்காயத்திலோ அத்தகைய நொதியம் வேரிலேயே உண்டு. 1965இல் அமெரிக்க அறிஞர்கள் சைக்கசின் ஊட்டிய வெங்காய வேரிலே கதிர்வீச்சுப் பட்டாற் போன்ற நிறமூர்த்த உடைவுகளைக் கண்டனர். ஆனால் ஈரலின் நொதியங்களாலேயே நஞ்சாக மாறும் பொருள்கள் பலவற்றை வெங்காயம் இவ்வாறு காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்க இயலாது. அதற்கு ஈரல் இல்லை. அதனாலேயே அறிஞர்கள் வெங்காயத்தில் ஐயம் தோன்றிய பொருளைப் பற்றீரியாவிலும் விலங்குக் கலங்களிலும் மீண்டும் சோதிக்கின்றனர்.

மாங்கேணிக்கு இச்சோதனையாற் பயனென்ன என்று வினவலாம். அங்கு நிலம் மணல். மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்க நெடுங்காலம் வேண்டியதில்லை. தெளிக்கும் கசாயத்தை எந்த வலிமைவரை ஐதாக்கினால் பயிரின் வேர் வாடாது என்று அறியவும், அதே கிணற்று நீரைத் தெளிப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும், ஆறேழு வெங்காய வரிசை போதும். அவ்வூர்ப் பக்கத்திலே பெயர்பெற்ற மரமுந்திரிகையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் கொட்டை ஓட்டிலே அனக்காடிக் அமிலமும் கார்டோலும் நிறைந்துள்ளன. உடைத்த ஓடுகளைக் கன்றுகளின் அடியிலே பசளையாகக் குவிக்கலாமா, மழையில் ஊறி வடியும் நீர் இளவேரைத் தாக்குமா என்று வாதிடுவதைக் காட்டிலும், ஊறவைத்த நீரில் வெங்காயத்தை அமர்த்தி நான்கு நாள் காத்திருப்பது எளிது. வேரின் நீளத்தை அளக்க அளவுகோல் ஒன்றே போதுமாதலால் முற்பாதியை எட்டாம் வகுப்பு மாணவரும் செய்வர். பிற்பாதிக்கு உயர்தர வகுப்பின் நுணுக்குக்காட்டி வேண்டும். ஓட்டெண்ணெயைக் கையாளுங்கால் கையுறை கட்டாயம். கார்த்திகைக் கிழங்கைப் பள்ளிக்கூடச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. கண்ணாடித் தகடுகளிலே எது நீருக்குரியது, எது சாற்றுக்குரியது என்ற விவரத்தை ஆசிரியர் மறைத்து, இலக்கங்களை மாத்திரம் எழுதி மாணவரிடம் கொடுத்தல் வேண்டும். கேட்டை எதிர்பார்த்து எண்ணுபவனுக்கு நல்ல கலமும் சிதைந்ததாகவே தோன்றும்.